ஏலம் கேட்டுவிட்டு ஒளிந்துகொள்வோரே, உங்களைத்தான்!



"பணம் கட்டாவிட்டால் என்ன ஐயா? பொருள் உங்களிடமேதானே இருக்கிறது! இதில் உங்களுக்கு என்ன நட்டம்?"

இணைய ஏலத்தில் என் பொருளைக் கேட்டு, எல்லாரையும் முந்தி வென்று, பின்னர் பதினொரு நாள் ஓசையின்றி இருந்த ஒருவர் கடைசியில் எனக்கு எழுதிய மறுமொழி இது. அவரை விட்டுவிடுவோம். ஆனால், இதைச் சொல்லி வருந்தியபோது ஆசிரிய நண்பர் ஒருவரும் பெற்றோர் சிலரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். 'பொருள்தான் போகவில்லையே!' அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

என் தந்தையார் தோட்டத்தில் கிராணியாராக இருந்தவர். அஞ்சல் தலைகளும் பழைய நோட்டுகளும் சேர்த்து வைத்தார். ஜப்பானியர் ஆட்சிக் காலத்து வாழைமர நோட்டு மட்டுமே ஒரு கட்டு இருக்கிறது. (1945இல் ஜப்பான் சரணடைந்ததும் வெறும் தாளாகிப் போன அதே நோட்டுதான். கட்டும் எண்ணமில்லாதவர் கேட்கும் ஏலத்தொகைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை!) ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் உள்ளவற்றை அவ்வப்போது ஏலத்தில் விடுகிறேன்.

இனி, நட்டக் கணக்குக்கு வருவோம். ஆறாம் ஆண்டு மாணவருக்கு அடக்க விலை, விற்ற விலை, இலாபம், நட்டம் என்று கற்பிக்கிறோம். அந்த வாய்பாட்டில் அடங்காத நட்டம் ஒன்று இங்கே உண்டு. அதை விளங்கிக்கொள்ள இணைய ஏலம் எப்படி நடக்கிறது என்பதை அறிய வேண்டும்.

ஈபே போன்ற தளங்களில் ஏலம் கேட்பவர் தம்மால் அதிக அளவு எவ்வளவு கொடுக்க முடியும் என்பதைப் பதிவு செய்துவிடுகிறார். அது பிறருக்குத் தெரியாது. மற்றவர் கேட்கக் கேட்க, கணினியே அவருக்காகப் படிப்படியாக உயர்த்திக்கொண்டு போகும். ஓர் எடுத்துக்காட்டு. ஒரு தொகுப்பை மூவர் கேட்கிறார்கள். முதலாமவரின் உச்சம் 80 வெள்ளி. இரண்டாமவருடையது 140. மூன்றாமவர் 300 என்று போடுகிறார். கட்டும் எண்ணம் அவருக்கு இல்லை. ஒவ்வொரு படியும் 5 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், ஏலம் 145 வெள்ளியில் முடியும். வென்றவர் மூன்றாமவர். பிறகு ஆளைக் காணோம்.

அந்த மூன்றாமவர் வராமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டாமவர் 85 வெள்ளிக்கு வென்றிருப்பார். விற்பவர் 85 வெள்ளி பெற்று, மறுநாளே பொருளை அஞ்சலில் சேர்த்திருப்பார். கதை முடிந்திருக்கும். இப்போதோ விற்பவர் இரண்டாமவருக்கு 'மறுவாய்ப்பு' அனுப்பலாம். ஆனால், எந்த விலைக்கு? அவர் கேட்ட உச்சமாகிய 140 வெள்ளிக்கு! தம்மிடம் வாங்க வராத ஒருவருக்காக, நேர்மையான மனிதர் 55 வெள்ளி கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கொடுப்பாரா? மாட்டார். அதைவிடக் கொடுமை, அவர் மனத்தில் ஓர் ஐயம் எழும். 'இந்த ஆளே வேறு பெயரில் வந்து விலையை ஏற்றிவிட்டு, இப்போது என் தலையில் கட்டப் பார்க்கிறானோ?' விற்பவரே கள்ளப் பெயரில் விலை ஏற்றும் மோசடி உலகில் உண்டு. ஆகவே அந்த ஐயத்தைக் குறை சொல்லவும் முடியாது.

பொருள் என்னிடமேதான் இருக்கிறது. ஆனால், என் பெயர் எங்கே போயிற்று?

ஏழு நாள் ஏலம், பணத்துக்காகக் காத்திருந்த நாட்கள், மீண்டும் ஏழு நாள் ஏலம் என்று காலம் போவது தனி. அதே பொருள் மறுபடியும் பட்டியலில் ஏறும்போது, 'இதில் ஏதோ குறை, அதனால்தான் திரும்பி வந்திருக்கிறது' என்று பார்ப்பவர் எண்ணுவது அதைவிடத் தனி. இவ்வளவையும் ஒரே ஓர் அழுத்தலில் செய்துவிட்டு, "என்ன நட்டம்?" என்கிறார்கள். எந்த ஊர் நியாயம் இது?

1995இல் பியர் ஒமிடியார் 'ஆக்‌ஷன்வெப்' என்று தொடங்கியதுதான் பின்னாளில் ஈபே ஆனது. அதில் விலைபோன முதல் பொருள் பழுதான லேசர் சுட்டுக்கருவி, 14.83 டாலர். முன்பின் அறியாதவர்கள், பழுதான பொருளுக்குக்கூடச் சொன்ன பணத்தைக் கொடுத்துத் தொடங்கிய வாணிகம் இது!

நம் கோயில் திருவிழாக்களில் சுவாமிக்குச் சாற்றிய மாலையையும் பழத்தையும் ஏலம் விடுவது உண்டல்லவா? ஊரார் முன்னிலையில் ஐந்நூறு வெள்ளி என்று உரக்கக் குரல் கொடுத்தவர், அதைக் கட்டாமல் அடுத்த ஆண்டு அதே மண்டபத்தில் தலைநிமிர்ந்து நடப்பாரா? அங்கே முகம் தெரிகிறது; ஆகவே சொல்லுக்கு விலை இருக்கிறது. கணினித் திரைக்குப் பின்னால் முகம் தெரியாது. வேறுபாடு அவ்வளவே. சட்டத்தின் கண்ணிலும் ஏலம் விளையாட்டன்று. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம், ஏலம் விடுபவர் சுத்தியலைத் தட்டியதும் விற்பனை முடிந்தது என்கிறது. அதற்கு முன்புவரை கேட்டவர் பின்வாங்கலாம்.

தவறுதலாக 15 என்பதற்குப் பதில் 150 என்று தட்டிவிட்டவருக்கும் வழி இருக்கிறது. ஏலம் முடியுமுன் அதைத் திரும்பப் பெற ஈபே இடம் தருகிறது. முடிந்த பிறகும்கூட, "ஐயா, மன்னிக்கவும், வீட்டில் திடீர்ச் செலவு வந்துவிட்டது" என்று ஒரு வரி எழுதினால் எந்த விற்பவரும் ஏற்றுக்கொள்வார். நான் பலமுறை ஏற்றிருக்கிறேன். நான் கண்டிப்பது அந்த ஒரு வரியைக்கூட எழுதாத வாய்மூடலை!

பெற்றோர்களே, அடுத்துச் சொல்லப்போவது உங்களுக்கு. "பையன் விளையாட்டாக அழுத்திவிட்டான் சார்" என்ற சாக்கை நான் ஒருமுறை அன்று, பலமுறை கேட்டுவிட்டேன். ஈபே கணக்குத் தொடங்கப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். அப்படியானால் பத்து வயதுப் பையன் அழுத்தியது யாருடைய கணக்கில்? உங்கள் கணக்கில்! நன்னெறிக்கல்விப் பாடத்தில் நாங்கள் 'பொறுப்புடைமை' என்று கரும்பலகையில் எழுதுகிறோம். பிள்ளை அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வீடு திரும்பும்போது, "பேசாமல் விடு, அவர்களே இரத்து செய்துகொள்வார்கள்" என்று நீங்கள் சொல்வதைக் கேட்கிறது. எந்தப் பாடம் மனத்தில் நிற்கும்? பிள்ளையை அருகில் அமர்த்தி, விற்பவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வையுங்கள். தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ, எதில் எழுதினாலும் சரி. அதைவிடச் சிறந்த கட்டுரைப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

விற்பவர்கள் பக்கமும் குற்றம் இல்லாமல் இல்லை. முன்பு ஈபேயில் விற்பவரும் வாங்குபவரைப் பற்றிக் குறைக் கருத்துப் பதியலாம். அதைச் சில விற்பவர்கள் மிரட்டும் கருவியாக்கினர். 'நீ என்னைக் குறை சொன்னால் நான் உன்னைக் குறை சொல்வேன்' என்ற நிலை. ஆகவே 2008இல் அந்த உரிமை பறிக்கப்பட்டது. நேர்மையான விற்பவனும் அன்றிலிருந்து வாயடைத்துப் போனான். ஒரு சிலரின் பழிவாங்கலுக்கு எல்லாரும் கொடுத்த விலை!

இப்போது முகநூல் குழுக்களில் நடக்கும் ஏலங்களில் வேறொரு கொடுமை பார்க்கிறேன். பணம் கட்டாதவரின் படத்தையும் தொலைபேசி எண்ணையும் அடையாள அட்டையையும் பொதுவில் போட்டு, ஆயிரம் பேர் கூடி ஏசுகிறார்கள். இதை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன். கட்டாதவர் செய்தது பிழை. அதற்காக அவர் வீட்டுப் பிள்ளைகள் மறுநாள் பள்ளியில் தலைகுனிய வேண்டுமா? ஏசுவதற்குச் செலவிடும் நேரத்தில் செய்ய வேண்டியதைச் செய்யலாம்.

நான்கு நாள் பொறுக்கலாம். ஈபேயின் கணக்கும் அதுவே. இடையில் ஒரே ஒரு நினைவூட்டல் போதும். கெஞ்ச வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். ஐந்தாம் நாள் 'வாங்குபவர் பணம் செலுத்தவில்லை' என்ற காரணத்தையே தேர்ந்தெடுத்து இரத்து செய்யுங்கள். இரக்கப்பட்டு 'இருவரும் ஒத்துக்கொண்டோம்' என்று வேறு காரணம் போடாதீர்கள். அப்படிப் போட்டால் அவர் பெயரில் பதிவு ஏறாது. அடுத்த விற்பவரிடம் அதே வேலையைக் காட்டுவார். உரிய காரணத்தைப் போட்டால், விற்பனைக்காகப் பிடித்த கட்டணமும் உங்களுக்குத் திரும்பும். பணம் கட்டாமல் விட்ட பதிவுகள் உள்ளவர்களைத் தடுக்கும் வசதி கணக்கு அமைப்பிலேயே இருக்கிறது. அதைத் தேடி இயக்கி வையுங்கள். விலை உறுதியாகத் தெரிந்த பொருளென்றால் ஏலமே வேண்டாம், உடனடிக் கட்டண முறையில் விற்றுவிடலாம்.

இரண்டாமவருக்கு மறுவாய்ப்பு அனுப்புவதை மட்டும் நான் நிறுத்திவிட்டேன். அவருடைய 140 வெள்ளி எனக்கு வேண்டாம். பொருளை மீண்டும் ஏலத்தில் ஏற்றி, "முதல் ஏலத்தில் வென்றவர் பணம் செலுத்தவில்லை, பொருளில் குறையில்லை" என்று விளக்கத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். சென்ற முறை அந்த இரண்டாமவரே திரும்பி வந்து 90 வெள்ளிக்கு எடுத்தார். அன்று மாலையே பணமும் வந்து சேர்ந்தது.