தென்னைக்கு இதுவோ விலை?

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கசா புயல் வேதாரணியத்தை அண்டிக் கரையேறிற்று. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஓரிரவில் வேரொடு சாய்ந்தன. எல்லா இழப்புக்குமாகத் தமிழக அரசு நடுவணரசிடம் கேட்டது ஏறத்தாழ 15,000 கோடி உருபா. ஆண்டின் இறுதி நாளில் தில்லி ஒப்பியது 1,146 கோடி!

தொகையினும் கொடியது அதன் அளவுகோல். நெடுநாட் பயிர் அழிந்தால் எக்டருக்கு 18,000 உருபா; அதுவும் நூற்றுக்கு 33 பங்கேனும் அழிந்திருத்தல் வேண்டும்; சிறு, குறு உழவரல்லார்க்கு இரண்டு எக்டரே எல்லை. இதுவே அன்றைய நடுவண் நெறி. எக்டருக்கு 175 தென்னை என்பது தமிழக அரசு கொண்ட கணக்கு. வகுத்துப் பாருங்கள்: மரத்திற்கு 103 உருபா! அன்று தில்லித் தெருவில் ஓரிரு இளநீர் பருகப் போதியிருக்கும்.

தமிழக அரசு மரத்திற்கு 600 உருபாவும், வெட்டியகற்ற 500 உருபாவும் அறிவித்தது. நெறியை மிஞ்சிய கொடைதான், மறுப்பாரில்லை. எனினும், நன்கு காய்க்கும் மரத்தின் ஓராண்டு வருவாய்க்கேனும் அந்த 600 ஈடாகுமா? புதுக்கன்று காய்க்க ஐந்து முதல் ஏழாண்டு செல்லும். அதுவரை உழவன் வீட்டு உலை எதனால் கொதிக்கும்?

நெற்பயிரை இழந்தவன் அடுத்த பருவத்தில் விதைப்பான். தென்னையை இழந்தவனுக்கு அடுத்த பருவம் ஏழாண்டுக்கு அப்பால். நீர்பாயும் நிலத்து நெல்லுக்கு 13,500, தென்னைக்கு 18,000 என எழுதியவர் தோப்பைக் கண்ணாலேனும் கண்டவரா? 2022இல் அவ்வெண்ணை 22,500 ஆக உயர்த்தினர். மரத்திற்கு 129 உருபா!