வானத்தில் ஒரு மணி, தரையில் நான்கு மணி

மீனாட்சிபுரம் இருப்பது கேரளத்தில். ஆனால் அதற்குப் பக்கத்து விமான நிலையம் இருப்பது தமிழ்நாட்டில். பாலக்காடு மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. எல்லையைத் தாண்டி, பொள்ளாச்சி வழியாகக் கோவை பீளமேட்டுக்கு சுமார் 60 கி.மீ. சொந்த மாநிலத்தின் கொச்சி விமான நிலையத்துக்குப் போவதென்றால் கிட்டத்தட்ட இரு மடங்கு தூரம்.

சென்னையில் நெருங்கிய உறவினர் இறந்துவிட்டதாக இந்த எல்லை ஊருக்குத் தகவல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. "கோவையிலிருந்து ஒரு மணி நேரம்தானே, ஃப்ளைட்டில் வந்துவிடுகிறேன்" என்பது வழக்கமான பதில். கணக்கு இடிப்பது அங்கேதான்.

கோவைக்கும் சென்னைக்கும் வான்வழி தூரம் சுமார் 400 கி.மீ. ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 800 கி.மீ. அப்படியானால் அரை மணி நேரம் போதுமே? போதாது. டிக்கெட்டில் அச்சாகும் நேரம் ஒரு மணி பத்து நிமிடத்தை ஒட்டி இருக்கும். விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கியதிலிருந்து, சென்னையில் போய் நிற்கும் வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வது, மேலே ஏறுவது, இறங்குவது, சென்னை வானில் முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான்.

காற்றுக்கும் பங்கு உண்டு. தென்மேற்குப் பருவக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று கோவையை நோக்கிப் பாய்கிறது. விமானங்கள் எதிர்க்காற்றில்தான் கிளம்பும். எனவே வடகிழக்கே உள்ள சென்னைக்குப் போக வேண்டிய விமானம், முதலில் தென்மேற்கே கிளம்பிப் பிறகு திரும்ப வேண்டியிருக்கும். அதில் சில நிமிடங்கள் போகும்.

ஆனால் பெரிய செலவு தரையில். மீனாட்சிபுரத்திலிருந்து பீளமேட்டுக்கு, பொள்ளாச்சி, கோவை நெரிசலையும் சேர்த்தால் இரண்டு மணி. சோதனைகளுக்காக ஒன்றரை மணி முன்னதாகப் போக வேண்டும். சென்னையில் வெளியே வர அரை மணி. ஆக, வானத்தில் ஒரு மணிக்குத் தரையில் நான்கு மணி. மொத்தம் ஐந்து மணிக்கு மேல்.

2023 ஏப்ரலில் தொடங்கிய கோவை-சென்னை வந்தே பாரத் ரயிலுக்கு அப்போது அறிவிக்கப்பட்ட நேரம் 5 மணி 50 நிமிடம். கோவை ஜங்ஷன் வரை போகும் நேரத்தையும் காத்திருப்பதையும் சேர்த்தால் எட்டு மணிக்குச் சற்று மேல். விமானம் மிச்சப்படுத்துவது மூன்று மணி நேரம்தான். அடுத்த விமானம் நான்கு மணி நேரம் கழித்துத்தான் என்றால் அந்த லாபமும் போச்சு.

டெல்லி என்றால் கதை வேறு. வான்வழி 1,900 கி.மீ.க்கு மேல். பறப்பது மூன்று மணி, தரையில் அதே நான்கு மணி. ரயிலிலோ இரண்டு இரவுகள். தரைச் செலவு எங்கு போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். தூரம் குறையக் குறைய அதன் பாரம் கூடுகிறது.

எனவே அவசரத்தில் கிளம்புகிறவர் டிக்கெட்டில் உள்ள நேரத்தை நம்பிச் சென்னைக்குப் பதில் சொல்லக் கூடாது. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அங்கே காத்திருப்பவர்கள் அந்த நேரத்தை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள்.