நூலுக்கும் நீருக்கும் ஓர் எல்லை உண்டு

நெசவாளர்க்கும் விவசாயிகளுக்கும் பொதுவாக ஒரு பத்திரிகை எதற்கு என்று கேட்போர் உண்டு. ஒருவர் தறிக்குழியில் அமர்கிறார். மற்றவர் வயற்சேற்றில் நிற்கிறார். கடனும் வட்டியும் தவிர இருவர்க்கும் பொதுவானது யாது என்பது அவர்கள் கேள்வி. பௌதிக சாஸ்திரத்தைச் சிறிது புரட்டிப் பார்த்தால் விடை கிடைக்கும். பொருள்களின் இயல்பு என்னும் ஒரே பாடத்தைத்தான் இருவரும் நாள்தோறும் கையால் படித்து வருகிறார்கள். அந்தப் பாடத்தின் சாரம் இது: ஒவ்வொரு பொருளும் தன் எல்லைக்குள் வளைந்து கொடுக்கும், எல்லையைக் கடந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது.

முதலில் நூலைப் பார்ப்போம். 1678-ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி, ஒரு பொருளை இழுக்கும் விசை எவ்வளவோ அவ்வளவுக்கு அது நீளும் என்ற விதியை வெளியிட்டார். விசையை நீக்கினால் பொருள் பழைய நீளத்திற்குத் திரும்பும். இதனையே மீள்சக்தி என்கிறோம். ஆனால் இவ்விதி ஓர் அளவு வரையில்தான் செல்லும். எஃகுக் கம்பி அந்த அளவு வரை ஏறக்குறைய முழுதும் மீள்கிறது. பருத்தியோ அத்துணை நேர்மையான பொருள் அன்று. நூறு கஜப் பருத்தியிழை இரண்டு கஜம் நீளும்படி இழுக்கப்பட்டால், அந்த நீட்சியில் முக்கால் பங்கு மீளும். ஐந்து கஜம் நீண்டுவிட்டால் பாதிகூட மீளாது. இழை அறாமலே உயிரிழந்துவிட்டது என்று சொல்லலாம். அத்தகைய இழை தறியில் ஏறினால், விழுது தூக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாய் அறும்.

நம் முன்னோர் ஹூக்கைப் படித்தவர் அல்லர். ஆயினும் விடியற்காலையில், வெயில் ஏறுமுன், தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டார்கள். தறியைக் குழியில் அமைத்தார்கள். ஈரத்தில் பருத்தியிழை வலுப்பெறும் என்பதே இதன் காரணம். நனைந்த பருத்தி, உலர்ந்த பருத்தியைக் காட்டிலும் உறுதியானது. குழியிலிருந்து எழும் குளிர்ச்சி பாவை வறண்டுபோகாமல் காக்கிறது. செயற்கைப் பட்டிழைக்கு இந்த நியாயம் பொருந்தாது. அது நனைந்தால் தன் வலுவில் ஏறக்குறையப் பாதியை இழந்துவிடும். பருத்திக்குச் செய்யும் உபசாரத்தை அதற்கும் செய்தால் நஷ்டமே மிஞ்சும்.

கஞ்சியும் அப்படியே. சூடாயிருக்கும் கஞ்சி நீர்த்து ஓடும். இழையின் புரிக்குள் புகுந்து அதனைக் கட்டும். ஆறிய கஞ்சி பாகாகி, மேலே தோல்போல் படிந்து, அச்சில் உராயும்போது உதிர்ந்துபோகும். ஒரே அரிசி, ஒரே நீர். சூட்டினால் மட்டும் இந்த வேற்றுமை.

இதனால் விளையும் நியாயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நூல் அறுந்தால் நெசவாளியின் கையில் குற்றம் காண்பது பல இடங்களிலும் வழக்கமாயிருக்கிறது. அறுந்த இழையை முடிந்து சேர்க்கும் நேரத்திற்குக் கூலி இல்லை. துணியில் முடிச்சு மிகுந்தால் கூலியில் பிடித்தமும் உண்டு. ஆனால் ஆலையிலேயே புரி குறைந்து வந்த நூலுக்கும், நூற்கும்போதே அளவுக்கு மேல் இழுக்கப்பட்ட நூலுக்கும் நெசவாளி எவ்வாறு பொறுப்பாவார்? 80-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எண்பது இருக்கவேண்டும். அதாவது 67,200 கஜம், ஏறக்குறைய 38 மைல் நீளம். இத்தனை நீளத்தில் பலவீனம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க எவராலும் ஆகாது. 120 கஜச் சுற்று ஒன்றை எடுத்து, எந்தப் பாரத்தில் அறுகிறது என்று சோதிக்கும் கருவி இதற்கென்றே இருக்கிறது. நூலை எடைபோட்டு வாங்கும் சங்கம் அதன் வலுவையும் சோதித்து வாங்குவதுதான் முறை. சோதித்த எண்ணைப் பாவுடன் சீட்டில் எழுதிக் கொடுத்தால், அறுந்ததற்குக் காரணம் நூலா, கையா என்ற வழக்கு எழாது.

இனி நீருக்கு வருவோம். சுரக்குடி முதலான நம் ஊர்கள் காவிரியின் கடைமடையில் உள்ளவை. அரசலாறு நம் காரைக்காலில்தான் கடலைச் சேர்கிறது. 2007-ஆம் ஆண்டில் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. நீரை ஒதுக்கியது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அந்த அளவை மாற்றவில்லை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கப்படுவது மரபு. ஆனால் அணையில் நீர் இருந்தால்தானே திறப்பு? திறந்த நீரும் தலைமடையை நனைத்துவிட்டு நம்மிடம் வருவதற்குள் நாட்கள் பல கழிந்துவிடும். ஆகவே ஆழ்குழாய்க் கிணறும் மோட்டாரும் நமக்குத் துணையாயின. அவற்றைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. நாற்றங்கால் காயும்போது, கண்முன் நிலத்தடியில் நீர் இருக்க, எந்தக் குடியானவன் கைகட்டி நிற்பான்?

ஆயினும் கடற்கரை நிலத்தின் அடியில் உள்ள நன்னீர், பாறைக்குள் கட்டிவைத்த தொட்டி நீர் போன்றதன்று. அது உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. 40 குடம் கடல்நீரின் எடை 41 குடம் நன்னீரின் எடைக்குச் சமம். இந்தச் சிறு வேற்றுமையே நம் வாழ்வுக்கு ஆதாரம். 41 அடி உயர நன்னீர் 40 அடி உயரக் கடல்நீரைத் தாங்கி நிறுத்தும் என்பது இதன் பொருள். ஆகவே கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே 40 அடி வரை நன்னீர் நிற்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைபன் என்ற டச்சு எஞ்சினீயரும், 1901-இல் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே கண்ட உண்மை இது.

கணக்கைத் திருப்பிப் போட்டால் அச்சம் பிறக்கிறது. மேலே நீர்மட்டம் ஓர் அடி இறங்கி அப்படியே நின்றுவிட்டால், கீழே உப்புநீர் நாளடைவில் 40 அடி ஏறிவிடும். ஆழமான குழாய் ஒன்றில் பெரிய மோட்டாரை இடைவிடாது ஓட்டினால், அக்குழாயின் நேர் கீழே உப்புநீர் கூம்புபோல் எழும்பும். முதல் ஆண்டில் நீர் இனிக்கும். பிறகு ஒருநாள் கரிக்கும். அப்போது மோட்டாரை நிறுத்தினாலும், ஏறிய உப்பு ஏறிய வேகத்தில் இறங்குவதில்லை.

இது கற்பனையன்று. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நகரத்திற்கும் தொழிற்சாலைகளுக்கும் 1960-களின் இறுதியிலிருந்து நிலத்தடி நீர் இறைக்கப்பட்டது. பிற்காலத்தில் அங்கே கடல்நீர் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்நாட்டுக்குள் புகுந்துவிட்டது. 1987-இல் சென்னைக்கென்று நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. புதுச்சேரியில் அத்தகைய சட்டம் 2002-இல் வந்தது. 2004-இல் ஆழிப்பேரலை நம் கரையில் கொட்டிய உப்பு மேலிருந்து வந்தது. அடுத்தடுத்த மழைகள் அதில் பெரும்பகுதியைக் கழுவிச் சென்றன. கீழிருந்து வரும் உப்பை மழை அவ்வாறு கழுவித் தருவதில்லை. வேர்மண்ணின் சாற்றில் உப்பு, மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் என்ற மின்கடத்து அளவைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் ஏறக்குறைய 12 சதவிகிதம் குறையும்.

மண்ணுக்கும் மீள்சக்தி உண்டு என்பதை அறிந்தால் வியப்பு மிகும். நீரை இறைக்கும்போது மணற்படுகை சிறிது அமுங்கும். நீர் திரும்பினால் நிமிரும். களிமண் படுகை அவ்வாறன்று. ஓர் அளவுக்குமேல் நீரை இழந்தால் அதன் துகள்கள் நெருங்கிப் படிந்துவிடும். மீண்டும் நீர் வந்தாலும் பழைய இடம் விடா. கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் 1925-க்கும் 1977-க்கும் இடையில், ஓரிடத்தில் நிலமே ஏறக்குறைய 28 அடி தாழ்ந்துபோயிற்று. நம் மண்ணுக்கு அது நேர்ந்தது என்று சொல்லவரவில்லை. ஐந்து கஜம் இழுக்கப்பட்ட பருத்தியிழையும், நீர் வற்றிய களிமண்ணும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்பதையே சொல்ல வந்தோம்.

“மோட்டாரை நிறுத்தினால் பயிர் போகும்; நிறுத்தாவிட்டால் நிலம் போகும்; நாங்கள் என்ன செய்வது?” என்று அங்கத்தினர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அடியோடு நிறுத்துங்கள் என்று நாம் கூறவில்லை. ஒரே ஆழ்குழாயில் இரவும் பகலும் இறைப்பதைவிட, ஆழங்குறைந்த பல கிணறுகளில் சிறுகச் சிறுக, முறைவைத்து இறைப்பது உப்பை எழுப்பாது காக்கும். ஆனால் ஒரு தனி விவசாயி மட்டும் தன் மோட்டாரை அடக்கி ஓட்டினால், அடுத்த வயல்காரரின் மோட்டார் அந்த மிச்சத்தை இறைத்துவிடும். நிலத்தடி நீர் வரப்பை அறியாது. எனவே இது தனிமனிதர் விரதமாக இருந்து பயனில்லை. கூட்டுறவுக்கே உரிய காரியம்.

ஆகவே நாம் வேண்டுவன இரண்டு. நெசவுப் பிரிவில், வலு சோதிக்காத நூல் தறிக்குப் போகக்கூடாது. சோதனையில் தேறாத நூலால் நேர்ந்த அறுகைக்குக் கூலியில் பிடித்தம் கூடாது. விவசாயப் பிரிவில், ஊருக்கு நான்கு கிணறுகளையாவது தேர்ந்து, வாரம் ஒருமுறை நீர்மட்டத்தைக் கயிற்றாலும், உப்பை மின்கடத்து அளவுகருவியாலும் அளந்து, சங்கத்து வாசற்பலகையில் எழுதவேண்டும். உப்பு ஏறும் மாதத்தில் மோட்டார் முறை வகுக்கவேண்டும். வாய்க்காலில் நீர் ஓடும் நாட்களில் குளங்களை நிரப்பிவைக்கவேண்டும். ஒரு கயிறு, ஒரு சிறு கருவி, ஒரு நோட்டுப் புத்தகம், எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞர்: செலவு இவ்வளவே.

அளவு நம் கையில் இல்லாவிட்டால் பிறர் சொல்லும் அளவை ஏற்கவேண்டிவரும். 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், தமிழ்நாட்டு டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி. கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டு, அதற்கேற்ப அம்மாநிலத்தின் ஆற்றுநீர்ப் பங்கு குறைந்தது. மண்ணுக்கடியில் இருப்பது எவ்வளவு, அதில் எவ்வளவு உப்பு என்று சொல்ல, நாளை நம்மிடமும் ஏடு இருக்கவேண்டும்.

நம் ஊரின் பெயரில் சுரத்தல் என்னும் ஒலி கலந்திருக்கிறது. பெயர்க்காரணம் யாதாயினும் ஆகுக. சுரப்பது நன்னீராகவே இருக்கவேண்டும் என்பதில் நம்முள் இருவேறு கருத்து இராது. அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இவ்விரு கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றுவார்களாக.