காதுதானே என்று கை கழுவாமல் விடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

முதியோருக்கான காது பரிசோதனை முகாம்களைப் பாராட்டிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்த கையோடு எழுதப்படும் கடிதம் இது. முகாம்களும் கிளினிக்குகளும் பெருகியிருப்பது உண்மைதான். ஆனால் ஒருவர் காதில் நுழைந்த கருவி அடுத்தவர் காதுக்கு எந்த நிலையில் போகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. வைட்ஃபீல்டில் போன வாரம் நடந்ததைக் கேட்டால் யாருக்கும் வயிறு எரியும்.

பெரியவர் ஒருவர், கோலார் தங்கவயலில் பாறை துளைக்கும் வேலை பார்த்தவர். 2001-இல் சுரங்கம் மூடப்படும்வரை இயந்திர இரைச்சலில் உழன்ற காதுகள். சர்க்கரை நோயும் உண்டு. மாரிக்குப்பம் ரயிலில் மகன் வீட்டுக்கு வந்தவரை, மருமகள் பக்கத்திலிருந்த ஒரு காது கிளினிக்குக்கு அழைத்துப்போனார். அவர்களுக்கு முன்னால் போனவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் காதைப் பார்த்த ஓட்டோஸ்கோப்பின் முனையிலிருந்த பிளாஸ்டிக் கூம்பைப் பணியாளர் கழற்றக்கூட இல்லை. சட்டை நுனியில் துடைத்துவிட்டு அப்படியே பெரியவர் காதருகே கொண்டுபோனார். கையுறை இல்லை, கை கழுவவும் இல்லை.

“அதை மாத்துங்க சார், மாமாவுக்கு சுகர் இருக்கு” என்றார் மருமகள்.

“காதுதானேம்மா, ஊசியா போடுறோம்? அவ்வளவு பயம்னா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று பதில் வந்தது.

பரிசோதனை செய்யாமலே திரும்பினார்கள். முன்பே கட்டிய பணம் திரும்பவில்லை. காது மந்தமான பெரியவருக்கு அங்கே என்ன பேச்சு நடந்தது என்றே புரியவில்லை. தன்னால்தான் தகராறு வந்தது என்று எண்ணி அவர் குன்றிப்போனார். நியாயம் கேட்டவர்கள் தலைகுனிந்து வெளியேற வேண்டும், சட்டையில் துடைத்தவர் அடுத்த நோயாளியைக் கூப்பிடலாம் என்றால், இது என்ன முறை?

“ஊசியா போடுறோம்?” என்ற கேள்விக்கு மருத்துவம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. காதுக் குழாயின் உட்தோல் மிக மெல்லியது. குறும்பி எடுக்கும்போது லேசாகக் கீறினாலும் ரத்தம் கசியும், குறும்பியின் நிறத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா சர்க்கரை நோயுள்ள முதியவர்களின் காதில் வேரூன்றினால் மண்டையோட்டின் அடி எலும்பு வரை பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். இன்று மருத்துவமனைகளை அச்சுறுத்தும் ‘கேண்டிடா ஆரிஸ்’ பூஞ்சையை 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முதன்முதலில் விவரித்ததே ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்த மாதிரியைக் கொண்டுதான். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் அதை மிக ஆபத்தான பூஞ்சைகளின் வரிசையில் வைத்தது.

சின்னக் கருவி, சின்ன சிகிச்சை என்று சொல்பவர்கள் வாணியம்பாடியை நினைத்துப் பார்க்க வேண்டும். 2023-இல் அங்கே ஒரு தனியார் பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று வந்தது. 8 பேர் இறந்தார்கள். கிருமி நீக்காத கருவியால் சலைன் பாட்டிலைத் திறந்து, மிச்ச நீரையே மற்றவர்களுக்கும் பயன்படுத்தியது காரணமாகச் சுட்டப்பட்டது. பல்லுக்கு நடந்தது காதுக்கு நடக்காது என்று எந்த அதிகாரி எழுதிக் கொடுப்பார்?

செய்ய வேண்டியது கடினமான வேலையும் அல்ல. பரிசோதனையின்போது காதுக்குள் செருகும் நுரை முனைகளை ஒருவருக்குப் போட்டதும் எறிந்துவிட வேண்டும். மறுபடி பயன்படுத்தும் கூம்புகளை முதலில் கழுவி, பிறகு குளூட்டரால்டிஹைடு போன்ற கரைசலில் உரிய நேரம் ஊறவைக்க வேண்டும் அல்லது ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும். அழுக்கோடு ஊறவைத்தால் பயனில்லை. நோயாளியின் ஹியரிங் எய்டைத் தொடுமுன் அதைத் துடைத்துச் சுத்தப்படுத்த வேண்டும். இதற்கென்றே பங்கைடிஸ், கெம்ப் என்ற இருவர் அமெரிக்காவில் தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 1965-இல் தொடங்கப்பட்டு, செவித்திறன் வல்லுநர்களை உருவாக்கிவரும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் மைசூரில்தான் இருக்கிறது.

செலவு கட்டுப்படியாகாது என்பார்கள். பல்லாயிரம் ரூபாய்க்கு ஹியரிங் எய்டு விற்கிறவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் கூம்பு பாரமா? கூட்டத்தில் நேரமில்லை என்பார்கள். கூடுதலாக ஒரு தொகுதி கூம்பு வாங்கி வைத்தால் நேரம் தானாகக் கிடைக்கும். இது விற்பனைக் கடை, மருத்துவமனை அல்ல என்பார்கள். காதுக்குள் கருவியை விட்ட பிறகு அந்தச் சாக்கு செல்லாது. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள், அத்தகைய கழிவை உண்டாக்கும் சின்னக் கிளினிக்கையும் கட்டுப்படுத்துகின்றன.

சட்டத்துக்கும் குறைவில்லை. கர்நாடகத்தின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 2007-லிருந்து இருக்கிறது. 2024-இல் பெயர்ப்பலகை எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பது வரை உத்தரவு வந்தது. பலகையின் நிறத்தைப் பார்க்க நேரமுள்ள சுகாதாரத் துறை, உள்ளே போய்க் கை கழுவும் தொட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? ரத்தம் வந்து, சாவு விழுந்து, செய்தியான பிறகுதான் ஜீப் வருவது நம் அதிகாரிகளின் வாடிக்கையாகிவிட்டது.

ஆண்டுதோறும் மார்ச் 3, உலக செவித்திறன் நாளையொட்டி இலவச முகாம்கள் வரிசையாக நடக்கும். அனுமதி கொடுக்கும்போதே எத்தனை பேருக்குப் பரிசோதனை, எத்தனை கூம்புகள் கைவசம், கிருமி நீக்க யார் பொறுப்பு என்று மாவட்ட சுகாதார அலுவலகம் எழுத்தில் கேட்க வேண்டும். கிளினிக்குகளைச் சோதித்த தேதியும் முடிவும் கன்னடத்திலும் தமிழிலும் வாசலில் ஒட்டப்பட வேண்டும். அடுத்த முகாமைப் பாராட்டி எழுதுமுன் தங்கள் நிருபரும் இந்தக் கேள்விகளைக் கேட்டு, வந்த பதிலை அச்சிடுவாராக.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வைட்ஃபீல்ட், பெங்களூரு