பிஜிக் காப்பகத்தில் நம் ஊர்களின் பெயர்கள்

பசிபிக் கடலில் 300-க்கும் மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் நாடு பிஜி. எல்லாவற்றையும் சேர்த்தாலும் பரப்பு 18,000 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். பெரிய தீவான விட்டி லெவுவின் நடுவே மலைகள். தென்கிழக்குக் காற்று கொண்டுவரும் மழையைக் கிழக்குச் சரிவே வாங்கிக்கொள்கிறது. மேற்கே நாடி, பா, லௌடோகா பகுதிகளுக்குக் கிடைப்பது குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் மழைக்கு ஏங்கும் அவிநாசிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த வறண்ட பக்கம் கரும்புக்குத் தோதாக இருந்தது. தமிழர்களை அங்கே கொண்டுபோனதும் அந்தக் கரும்புதான்.

1874-இல் பிஜி பிரிட்டிஷார் கைக்குப் போனது. அந்த மண்ணின் மக்களைத் தோட்ட வேலையில் பூட்டக்கூடாது என்று கவர்னர் ஆர்தர் கார்டன் முடிவெடுத்தார். சுமை இந்தியர் தலையில் விழுந்தது. 1879-இல் கல்கத்தாவிலிருந்து முதல் கப்பல் போனது. 1903 முதல் சென்னையிலும் ஆட்களை ஏற்றினார்கள். லௌடோகா சர்க்கரை ஆலை ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 1916-இல் கப்பல்கள் நிற்பதற்குள் ஏறக்குறைய 60,000 பேர் போயிருந்தார்கள். கால் பங்கினர் தென்னிந்தியர்.

ஒப்பந்தம் ஐந்தாண்டு. ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். கொடுத்த வேலையை முடித்தால்தான் அதுவும். பத்தடிக்கு ஏழடி அறையில் மூன்று ஆண்கள் அல்லது ஒரு குடும்பம். அந்தத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதியார் கலங்கிப் பாடியது தமிழ்நாடு அறிந்ததே. அவர்கள் எந்த ஊர்ப் பெண்கள் என்று கேட்டவர்கள்தான் குறைவு.

கேட்டால் விடை உண்டு. கப்பல் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்றச் சீட்டு எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், ஜில்லா எல்லாம் அதில் உண்டு. சுவா நகரிலுள்ள பிஜி தேசிய ஆவணக் காப்பகம் இந்தச் சீட்டுகளை வைத்திருக்கிறது. சென்னையில் ஏறியவர்களின் ஜில்லாக்களில் வட ஆர்க்காடு, தஞ்சாவூர், மலபாரோடு கோயம்புத்தூரும் வருகிறது. அவிநாசி அன்று கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது.

போனவர்களில் பலர் திரும்பவில்லை. சாது குப்புசாமி 1926-இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் அங்கே இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை நடத்துகிறது. நாடியில் முருகனுக்குப் பெரிய கோயில் இருக்கிறது. ஆனால் வீடுகளில் தமிழ் தேய்ந்து, பிஜி இந்தி அந்த இடத்துக்கு வந்துவிட்டது. பூட்டன் பிறந்த ஊரைத் தேடும் பிள்ளைகளுக்குக் கையில் கிடைப்பது எழுத்தர் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயர்.

சேவூரோ கருவலூரோ அப்படிச் சிதைந்து கிடந்தால் சுவாவில் இருப்பவருக்கு எப்படிப் புரியும்? அவிநாசிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வாய்விட்டுப் படித்தாலே ஊர் தெரிந்துவிடும். அதனால் இந்த வேலை இங்கேதான் நடக்க வேண்டும். தமிழ்நாடு அரசு சென்னைச் சீட்டுகளின் நகல்களைப் பெற்று, ஊர்வாரியாகத் தமிழில் வெளியிட வேண்டும். கொங்கு நாட்டுக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் கோயம்புத்தூர் ஜில்லாச் சீட்டுகளைப் படிக்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்.