வட்டம் சுற்றுகிறது, யாரைக் கேட்பது?

நேரலையில் மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போது படம் உறைந்து, திரை நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தால் வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு." டிவியை அணைத்துப் போடுவார்கள், பிறகு ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள். சில சமயம் சரியாகிவிடும், சில சமயம் ஆகாது. ஏன் சரியானது, ஏன் ஆகவில்லை என்பது மட்டும் கடைசி வரை யாருக்கும் தெரியாது. இந்தத் தெரியாமைதான் உண்மையான பிரச்சினை. மாதாமாதம் பணம் கட்டுகிறவருக்குக் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டியது அந்தச் சேவையை விற்பவர்கள்.

கேபிள்காரர் காலம்

திருநின்றவூர் மாதிரி ஒரு புறநகர் ஊரை எடுத்துக்கொள்வோம். இங்கே கேபிள் டிவி மட்டும் இருந்த நாட்களில் படம் புள்ளி புள்ளியாக வந்தால் கேட்பதற்கு ஒரே ஆள்தான். தெருவுக்குத் தெரிந்த கேபிள்காரர். அவர் ஏணியோடு வந்து கம்பத்தில் ஏறுவார், கனெக்டரை மாற்றுவார், "இப்ப வருதா?" என்று மேலிருந்தே கத்துவார்.

அது ஒன்றும் பொற்காலம் இல்லை. இந்தியா-பாகிஸ்தான் மேட்ச் அன்று போன் எடுக்க மாட்டார், வசூல் தேதியில் மட்டும் டாண் என்று வந்து நிற்பார்! ஆனாலும் புகாருக்கு ஒரு முகவரி இருந்தது. கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும் புகார் மையம் இருக்க வேண்டும், குறித்த நேரத்துக்குள் சரி செய்ய வேண்டும் என்று டிராய் அமைப்பின் 2017 விதிமுறைகளும் சொல்கின்றன.

இணையம் வழியாக வரும் நேரலையில் இந்த ஒரு முகவரி நான்காக உடைந்துவிட்டது. செயலியை நடத்தும் நிறுவனம், ஃபைபர் இணைப்பு கொடுத்தவர், வீட்டு வைஃபை, டிவி. செயலிக்காரரைக் கேட்டால் "உங்கள் இன்டர்நெட்டைப் பாருங்கள்" என்பார். இன்டர்நெட்காரர் ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டி "எங்கள் பக்கம் பக்கா" என்பார். டிவி கம்பெனியோ "செயலியை அழித்து மறுபடி போடுங்கள்" என்று சொல்லும்.

நேரலை மட்டும் ஏன் திணறுகிறது?

"சினிமா நன்றாக ஓடுகிறது, மேட்ச் மட்டும் நிற்கிறதே" என்று பலர் குழம்புகிறார்கள். இதற்குக் காரணம் கையிருப்பு. படத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டித்தான் இணையத்தில் அனுப்புகிறார்கள். ஆப்பிள் நிறுவனம் 2009-ல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையும் இப்படித்தான். ஒவ்வொரு துண்டும் சில விநாடிகள் நீளம் இருக்கும்.

சினிமா ஏற்கெனவே எடுத்து முடித்த சரக்கு. அடுத்த சில நிமிடங்களுக்கான துண்டுகளை டிவி முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். நடுவில் இணைப்பு அரை நிமிடம் தடுமாறினாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. மேட்சில் அடுத்த பந்து இன்னும் போடவே இல்லையே! போடாத பந்தை எப்படி இறக்கி வைப்பது? அதனால் கையிருப்பு சில விநாடிகள்தான், அது தீர்ந்தால் வட்டம் சுற்றும்.

பக்கத்து வீட்டில் விக்கெட்டுக்குக் கத்திய பிறகுதான் நம் வீட்டில் பந்தே வீசுகிறார்கள் என்பது வேறு விஷயம். இரண்டு மூன்று துண்டுகள் சேர்ந்த பிறகே செயலி படத்தைக் காட்டுவதால் வரும் தாமதம் அது. அது கோளாறு இல்லை, ரவுட்டரை அணைத்துப் போட்டாலும் போகாது.

கோளாறைப் பிரித்துப் பார்ப்பது

டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்பார்கள். இரண்டு பக்கமும் சமமாகிவிடும், தவறு மட்டும் உள்ளேயே இருக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதும் ஏறக்குறைய அப்படித்தான். நினைவகம் காலியாகி இணைப்பு புதிதாகத் தொடங்குவதால் பல நேரம் வேலை செய்யும். தவறு எங்கே என்று மட்டும் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

1. அதே சேனலை, வைஃபையை அணைத்துவிட்டு, செல்போன் டேட்டாவில் பாருங்கள். அங்கேயும் நின்றால், வேறு இணைப்பு வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கும் அப்படியே என்றால் பெரும்பாலும் கோளாறு செயலிக்காரர் பக்கம். வீட்டில் எதையும் நோண்ட வேண்டாம்.

2. போனில் நன்றாக ஓடினால், போனின் ஹாட்ஸ்பாட்டில் டிவியை இணையுங்கள். அப்போதும் நின்றால் சந்தேகம் டிவி மேல். செயலியைப் புதுப்பிப்பது, கேஷை அழிப்பது, தேவையில்லாத செயலிகளை நீக்கி இடம் விடுவது எல்லாம் இங்கேதான் பலன் தரும்.

3. ஹாட்ஸ்பாட்டில் ஓடினால், ரவுட்டரிலிருந்து டிவிக்கு நேராக ஒரு லேன் வயர் போட்டுப் பாருங்கள். வயரில் ஓடினால் குறை வைஃபையில். ரவுட்டரை டிவிக்கு அருகே கொண்டுவரலாம், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றலாம் (ஆனால் அது சுவரைத் தாண்டுவதில் கொஞ்சம் சோனி). வயரிலும் நின்றால் ஃபைபர்காரரைக் கூப்பிட வேண்டும். ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் காத்திருக்காமல் உடனே கூப்பிடலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. படம் நின்றதும் "பெரிய பிளானுக்கு மாறுங்கள்" என்பார்கள். எச்டி நேரலைக்குச் சுமார் 5 முதல் 8 எம்பிபிஎஸ் வேகம் சீராக வந்தாலே போதும். 100 எம்பிபிஎஸ் பிளானில் படம் நிற்கிறது என்றால், 200 வாங்கினால் தீர்ந்துவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பெரிய கம்பெனிகளுக்கும் வருகிறது

2022 நவம்பர் 20 அன்று கத்தார் உலகக் கோப்பை கால்பந்து தொடங்கியபோது ஜியோசினிமாவில் படம் நின்று நின்று வருவதாகப் பலரும் புகார் செய்தார்கள். நிறுவனம் சொன்ன பதிலில் செயலியைப் புதிய பதிப்புக்கு மாற்றும்படி ஒரு வேண்டுகோளும் இருந்தது. 2024 நவம்பரில் மைக் டைசன் - ஜேக் பால் குத்துச்சண்டையை நேரலையாகக் காட்டிய நெட்ஃபிளிக்ஸிலும் உலகம் முழுக்க இதே பிரச்சினை. அந்த இரவுகளில் எத்தனை பேர் தங்கள் வீட்டு ரவுட்டரைத் திட்டிக்கொண்டே பிடுங்கிப் பிடுங்கிச் சொருகியிருப்பார்கள்!

கூட்டத்தைச் சமாளிக்கவே முடியாது என்றும் சொல்ல முடியாது. 2023 நவம்பர் 19 அன்று நடந்த உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் வரை பார்த்தார்கள்.

என்ன கேட்கலாம்?

கையிருப்பு எத்தனை விநாடி, எந்தத் துண்டு வரவில்லை என்பதெல்லாம் செயலிக்குத் தெரியும். தெரியாமல் படத்தின் தரத்தைத் தானாகக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. யூடியூபில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. இணைப்பு வேகத்தையும் கையிருப்பையும் அது அப்படியே காட்டுகிறது. ஆகவே இது முடியாத காரியம் இல்லை. "எங்கள் சர்வரில் நெரிசல்", "உங்கள் வைஃபை பலவீனம்" என்று வட்டத்துக்குக் கீழே தமிழில் ஒரு வரி போட்டால் போதும்.

சாதாரண மக்களுக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்லலாம். கேபிள்காரர் "ஆம்ப்ளிஃபயர் போச்சு" என்று சொன்னபோது புரிந்துகொண்ட மக்கள்தானே இவர்கள்? 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் ஓடிடி தளங்களுக்குக் குறைதீர்ப்பு முறை உண்டு. ஆனால் அது என்ன காட்டுகிறார்கள் என்பதைப் பற்றியது, படம் ஓடுகிறதா என்பதைப் பற்றியது அல்ல. பணம் கட்டியவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். ஆனால் யார் மேல் புகார் என்று தெரிந்தால்தானே கூப்பிட முடியும்?

இதில் அதிகம் இழப்பது வயதானவர்கள். வைகுண்ட ஏகாதசி நேரலை பாதியில் நின்றால் பேரன் காலேஜிலிருந்து வரும் வரை பாட்டி காத்திருப்பார். இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் "எனக்கு டிவி வேண்டாம்பா" என்று விட்டுவிடுவார். அவர் கேட்பதை நிறுத்திவிட்டதால் கோளாறு சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

மனதுக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் திருநின்றவூர். அதற்காக மேட்சையும் மனதுக்குள்ளேயே பார்த்துக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை. அதுவும் சந்தா வாங்கிக்கொண்டு!