மானம் போனது யாருக்கு?

பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண்ணின் படத்தை எவனோ ஆபாசமாகத் திருத்திக் கைப்பேசிகளில் உலவவிட்டால், தண்டனை யாருக்கு? அந்தப் பெண்ணுக்குத்தான்! கைப்பேசியைப் பிடுங்குகிறார்கள், படிப்பை நிறுத்துகிறார்கள், குடும்ப மானம் போயிற்றாம்! அயோக்கியத்தனம் செய்தவனுடைய மானம் மட்டும் பத்திரமாயிருக்கிறதா என்று கேட்கிறோம். இந்தப் பயத்தினாலேயே குழந்தைகள் வாய் திறப்பதில்லை.

ஆகவே, ஆண்டு விழாவோடு திருப்தியடைந்துவிடும் நமது மன்றங்களும் மாதர் சங்கங்களும், வைது விரட்டாமல் காதுகொடுத்துக் கேட்க ஒரு பெண்மணியை நியமிக்க வேண்டும். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லி, 1098-க்கோ 1930-க்கோ கூடவிருந்து பேச அவர் உதவட்டும். 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம் குழந்தையின் பெயரைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாதென்கிறது. சட்டம் மறைத்ததைத் தெருத் திண்ணைகள் வெளியிடாதபடி மன்றத்தார் பார்த்துக்கொள்ள வேண்டாமா? பெற்றோரையும் அவர்களே கண்டு பேசி, மறுநாளே பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் செய்யட்டும்.